செருப்பைப் பார்த்துச் சேர்ந்த வகுப்பு

ஒரு வகுப்பு நல்லதா கெட்டதா என்று கண்டுபிடிக்க என் அப்பாவிடம் ஒரு வழி இருந்தது. வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்ப்பார். அவர் ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கங்காணி. காலையில் பெரட்டுக் களத்தில் நின்று ஆள் பார்த்து வேலை பிரித்துக் கொடுப்பதுதான் அவருடைய தொழில். எங்கே ஆள் கூடுகிறதோ அங்கே வேலை நடக்கிறது என்பது அவர் வேதம். கூடிய ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கும் வழக்கம் அவருக்குக் கிடையாது.

நான் பள்ளியின் கடைசிப் பரீட்சையான உயர்தரம் எழுதி முடித்திருந்தேன். பல்கலைக்கழகத்துக்குப் போதாத, ஆனால் தேயிலை பறிக்க அனுப்பினால் ஊர் சிரிக்கும் அளவுக்கான பெறுபேறு. குவைத்தில் வீட்டு வேலை பார்த்த அத்தை எனக்கும் அங்கே ஒரு வீடு பார்த்து வைத்திருந்தார். என் பாஸ்போர்ட்கூடத் தயாராகி அவருடைய பெட்டியில் பூட்டிக் கிடந்தது. அத்தை விடுமுறையில் வரும்போது கழுத்தில் தங்கம் இருக்கும், முழங்காலில் வலி இருக்கும், இரவில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திடுக்கிட்டு எழுந்து நிற்பார். எனக்கு அந்த வீடு வேண்டாம். அதைச் சொல்லத் துணிவில்லாமல் ஜப்பான் என்று சொன்னேன். பெரகல சந்தியில் ஒரு சுவரொட்டி அப்படித்தான் சொல்லியது: ஜப்பானில் படிக்கலாம், படித்துக்கொண்டே வேலையும் செய்யலாம்.

குடும்பம் கூடிப் பேசியது. டிசம்பரில் நடக்கும் ஜப்பானிய மொழித் தேர்வில் ஆகக் கீழே இருக்கும் கடைசிப் படியையாவது நான் தாண்டினால், அந்தச் சான்றிதழோடு ஜப்பானில் ஒரு மொழிப் பாடசாலைக்கு விண்ணப்பிக்கலாம். தாண்டாவிட்டால் குவைத். இரண்டாவது தடவை என்ற பேச்சே இல்லை.

பிறகு வகுப்புப் பார்க்கப் போனோம். பெண் பார்க்கப் போவதுபோலத்தான். அப்பா வெள்ளை வேட்டி கட்டினார், மாமா வாட்ச் கட்டினார், நான் தலை குனிந்துகொண்டு பின்னால் போனேன்.

பதுளையில் முதலில் பார்த்தது ஒரு வீடு. யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவரின் மனைவி. கணவர் ஜப்பானில் மேல்படிப்புப் படித்த காலத்தில் கூடவே இருந்தவர். பலகை இல்லை, படம் இல்லை. வாசலில் ஒரே ஒரு சோடிச் செருப்பு, அதுவும் அவருடையது. எங்களுக்குப் பால் விடாத பிளேன்டி கொடுத்தார்.

"ரெண்டு வருஷமாவது படிக்க வேணும். பாஸ் பண்ணுவா எண்டு நான் உறுதி தரமாட்டன்," என்றார். நாங்கள் எழுந்து புறப்படும்போது என்னிடம் மட்டும் சொன்னார், "எங்க படிச்சாலும் பரவாயில்லை பிள்ளை. ரேடியோவில ஜப்பான்காரர் கதைக்கிறதை ஒவ்வொரு நாளும் கேளும். விளங்காட்டியும் கேளும்."

வெளியே வந்ததும் அப்பா தீர்ப்புச் சொன்னார். "தேயிலத் தோட்டத்துலேருந்து வர்றவனுக்கு பிளேன்டியா குடுப்பாங்க? உறுதியும் தர மாட்டாங்களாம். அப்புறம் என்னாத்துக்கு வகுப்பு?"

இரண்டாவது வகுப்பு பஜாரில் ஒரு துணிக்கடைக்கு மேலே. மாடிப்படியின் அடியில் செருப்புகள் குவிந்து, காலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அப்பாவின் முகத்தில் அப்போதே கல்யாணக் களை வந்துவிட்டது. மேலே, வகுப்பு நடத்தும் சார் முழங்கால் அளவு பனியில் நிற்கும் பெரிய படம். படத்திலும் டை, நேரிலும் டை. பால் தேத்தண்ணி, பிஸ்கட்.

"ஆறேழு மாசம் போதும் கங்காணியாரே. பாஸ் என் பொறுப்பு," என்றார் சார்.

தோட்டத்துத் துரைமார் ஒருநாளும் அப்பாவைக் கங்காணியார் என்று மரியாதையாக அழைத்ததில்லை. டை கட்டிய ஒருவர் அப்படி அழைத்ததும் அப்பா நெய்யாக உருகினார். அவர் இன்னொரு பிஸ்கட் எடுத்தபோதே என் வகுப்பு முடிவாகிவிட்டது.

சார் ஜப்பானில் இருந்தது உண்மை. பழைய வாகனங்களைப் பிரித்துப் பாகம் எடுக்கும் யாட் ஒன்றில் வேலை செய்தவர். போல்ட், நட்டு, தூக்கு, இறக்கு, சீக்கிரம் என்ற அளவில் அவருடைய ஜப்பானிய மொழி நன்றாகவே ஓடியது. தேர்வு அந்தப் பாதையில் வராது என்பதுதான் சிக்கல். ஆகவே ஓ.எல். பரீட்சைக்கான ரியூஷனில் நடப்பதை அவர் ஜப்பானுக்கும் ஏற்றுமதி செய்தார். பழைய வினாத்தாள், மனப்பாடம், மறுபடி வினாத்தாள்.

கேட்டல் பகுதிக்கு அவரிடம் சில பழைய கசெட்டுகள் இருந்தன. கசெட்டில் இரண்டு பேர் பேசுவார்கள், பிறகு ஒரு கேள்வி, பிறகு நான்கு பதில்கள் வரிசையாக வரும். சரியான பதில் வரும்போது சார் பேனாவால் மேசையில் ஒரு தட்டுத் தட்டுவார். கவனிக்க வேண்டிய இடத்தைக் காட்டுகிறாராம். நாங்களும் கவனித்தோம், பேனாவை. சில வாரங்களில் ஜப்பான்காரர் பேசுவது எங்களுக்கு மழைச் சத்தம் மாதிரி ஆகிவிட்டது. தட்டு விழுந்ததும் கூட்டமாக எல்லோருடைய பென்சிலும் இறங்கும். எல்லோருக்கும் முழுப் புள்ளி. வகுப்பே அறிவாளிகளால் நிரம்பி வழிந்தது.

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ்ஸில் ஹப்புத்தளை, பண்டாரவளை என்று சுற்றிப் பதுளைக்குப் போய்த் தட்டுக் கேட்டுவிட்டு வருவேன். மற்ற நாட்களில் அப்பாவின் ரேடியோவைத் திருகி, சிற்றலையில் ஜப்பான்காரரைத் தேடுவேன். டாக்டர் மனைவியின் சொல்லை மதித்து என்று பெரிதாகச் சொல்லமாட்டேன். எங்கள் ஒற்றை அறை வீடான லயத்துக் காம்பராவில் அதைத் தவிரச் செய்வதற்கு வேறு எதுவும் இல்லை. கிரிக்கெட் நடக்கும் நாட்களில் பெரிய சண்டை வரும்.

"காக்காக் கூட்டம் கத்துற மாதிரி இருக்கு. ஸ்கோர வையி புள்ள," என்பார் அப்பா.

ஒருநாள் அந்தக் காக்காக் கூட்டத்தில் "நாளைக்கு மழை" என்பது தனியாக விளங்கியது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அப்பா மறுநாள் வானத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பொய்காரி என்பார்.

தேர்வு கொழும்பில். எங்கள் விண்ணப்பங்களை எல்லாம் சார்தான் வாங்கி ஒரே கவரில் போட்டு அனுப்பினார். ஆகவே எங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கு அடுத்தடுத்த இலக்கங்கள், ஒரே மண்டபம், ஒரே வரிசை. தன்னால் வர முடியாது, தூதரகத்தில் விசா வேலை இருக்கிறது என்று சார் முதலிலேயே சொல்லியிருந்தார்.

மண்டபத்தில் எனக்குப் பின்னால் இருந்த மேசை கடைசி நிமிடம்வரை காலியாக இருந்தது. மணி அடிக்கும் நேரத்தில் டி-சர்ட் போட்ட ஒருவர் அவசரமாக வந்து அதில் உட்கார்ந்தார். திரும்பிப் பார்த்தேன். டை இல்லாததால் அடையாளம் காண ஒரு கணம் ஆனது. சார். கையில் எங்களுடையதைப் போலவே அனுமதி அட்டை, அதில் எங்களுடையதைப் போலவே கடைசிப் படி.

முகம் வெளிறிப்போய், "உங்களுக்குத் தொணையாத்தான் வந்தேன்," என்று கிசுகிசுத்தார்.

பக்கத்து வரிசைவரை அந்தச் செய்தி பரவியது. முன்னால் இருந்த பண்டாரவளைத் தோழி என்னிடம் திரும்பி, கண் கலங்கச் சொன்னாள், "பாத்தியா, சார் நமக்காகவே உள்ள வந்திருக்காரு. தட்டுவாரு."

எனக்கு அவள்மேல் கோபம் இல்லை. நாங்கள் அப்படி வளர்ந்தவர்கள். மேலே நிற்பவர் எங்கள் வரிசையில் வந்து உட்கார்ந்தால், அவரும் எங்களைப் போலத்தான் என்று எங்களுக்குத் தோன்றாது. எங்களைக் காப்பாற்ற இறங்கி வந்திருக்கிறார் என்றுதான் தோன்றும்.

முதல் தாள் முழுவதும் பின்னாலிருந்து அழிறப்பர் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அழிப்பார், எழுதுவார், பெருமூச்சு விடுவார், மறுபடி அழிப்பார். அவர் மேசை என் நாற்காலியில் இடித்து இடித்து என் எழுத்தும் ஆடியது. தெரிந்தவன் இப்படி அழிப்பானா என்ற எண்ணம் எனக்கு வந்ததே அப்போதுதான்.

பிறகு கேட்டல். ஒலிபெருக்கியில் ஒரு பெண்ணும் ஆணும் பேசினார்கள். எங்கள் கசெட்டுக் குரல்கள் இல்லை, புதிய குரல்கள். கேள்வி வந்தது. பதில்கள் வரத் தொடங்கின. இரண்டாவது பதில் எனக்கு விளங்கியது, அது சரி என்றும் பட்டது. பென்சிலை வைக்கப் போனேன். மூன்றாவது பதில் வந்தபோது முதுகுக்குப் பின்னால் மெதுவாக ஒரு தட்டு விழுந்தது.

முன்னால் வரிசையாக எல்லாத் தலைகளும் குனிந்தன.

என் கை அப்படியே நின்றுவிட்டது. இத்தனை மாதம் அந்தத் தட்டுக்குப் பழகிய கை. குவைத் வீடும் அத்தையின் பெட்டியும் கண்ணுக்கு முன்னால் வந்தன. பயம் என்றால் சாதாரணப் பயம் இல்லை. சாரை மீறுகிறேன் என்ற பயமும் சேர்ந்திருந்தது. கடைசியில் என்னைக் காப்பாற்றியது துணிச்சல் அல்ல, அந்த அழிறப்பர். இரண்டையே போட்டேன். அதற்குப் பிறகு தட்டு விழ விழ, ரேடியோவைத் திருகுவதுபோல அதை ஒதுக்கித் தள்ளிக் கேட்டேன்.

பெறுபேறு வந்தது. எங்கள் வரிசையில் நான் மட்டும் பாஸ். மற்றவர்கள் ஒன்றாகப் படித்தார்கள், ஒன்றாகப் பெயிலானார்கள், சார் உட்பட. அத்தை பெட்டியைத் திறந்து பாஸ்போர்ட்டை என் கையில் கொடுத்தார். அவர் முகத்தில் வருத்தம் தெரியும் என்று எதிர்பார்த்தேன். "போ, நல்லா இரு," என்று மட்டும் சொல்லி, என் கையைக் கொஞ்ச நேரம் விடாமல் பிடித்திருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

சாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று அப்பா பதுளைக்கு இழுத்துப் போனார். எனக்கு அடுத்தவளான தங்கச்சியும் வந்தாள். துணிக்கடை வாசலில் புதிய பேனர். பனிக்கு நடுவே சார், அவருக்குப் பக்கத்தில் என் அனுமதி அட்டைப் படம் பெரிதாக்கப்பட்டு, அதே பனியில் நின்றது. கீழே, எங்கள் வகுப்பின் வெற்றி என்று எழுதியிருந்தது.

மேலே சார் அப்பாவுக்கு பிஸ்கட் கொடுத்துவிட்டு என்னை ஓரமாகக் கூப்பிட்டார். அதுவரை என்னை நீ, வா, போ என்றவர்.

"கேட்டல்ல நீங்க எப்படிங்க செஞ்சீங்க?" என்றார் தணிந்த குரலில்.

"நீங்க தட்டுனத போடல சார்."

அவர் டையைச் சரிசெய்துகொண்டார்.

படியிறங்கும்போது அப்பாவிடம் உடைத்துச் சொன்னேன். "அப்பா, சாரும் அதே சோதனதான் எழுதுனாரு. அவரும் பெயிலு."

அப்பா நின்று, என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வாத்தி பெயிலாயும் அவருகிட்ட படிச்ச புள்ள பாஸாகுதுன்னா, அவரு எம்மாம் பெரிய வாத்தியா இருக்கணும்? நீ போயி பஸ்ஸப் பாரு. நான் தங்கச்சி பேரக் குடுத்துட்டு வாறேன்."

அடியில் செருப்புகள் முன்பைவிட அதிகமாகக் கிடந்தன. என்னுடையதைத் தேடி எடுத்துப் போட்டேன். அத்தையின் பெட்டியில் என் பாஸ்போர்ட் கிடந்த இடம் அப்போதுதான் காலியாகியிருந்தது. தங்கச்சி மேலே என் படத்தைப் பார்த்துக்கொண்டே அப்பாவின் பின்னால் படியேறினாள்.