பெருமாள் அண்ணன் துப்பாக்கி ஏன் சிக்கியது?

ஈப்போவில் நான் வேலை பார்த்த துப்பாக்கிக் கடையில் வெள்ளிக்கிழமை மாலை என்றாலே எனக்கு எரிச்சல்தான். வாரம் முழுக்கச் சும்மா இருந்துவிட்டு, ஞாயிறு காலை கிளப்பில் சுடப் போகிறவர்கள் அன்றுதான் பழுதைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பெருமாள் அண்ணனும் அப்படித்தான் வந்தார்.

கோலா கங்சார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் காவல் வேலை பார்த்து ஓய்ந்தவர். கொண்டுவந்தது பழைய த்ரீ நாட் த்ரீ. கையால் போல்ட்டை இழுத்து இழுத்துச் சுடுகிற ரகம். தோட்டத்து மேனேஜர் ஊரைவிட்டுப் போகும்போது முறைப்படி இவர் பெயருக்கு மாற்றிக் கொடுத்தது. வயதில் எங்கள் இரண்டு பேருக்கும் மூத்த துப்பாக்கி.

"தம்பி, சிக்குது."

"என்னண்ணே சிக்குது? போல்ட்டா, தோட்டாவா, உங்க கையா?"

"கிண்டல் பண்ணாதப்பா. மொதல்ல நல்லாத்தான் போவுது. கடைசி மூணு நாலு தோட்டா மேல வரவே மாட்டேங்குது. போல்ட் காலியா மூடிக்குது."

பிறகு குரலைத் தாழ்த்தினார். "மக பயப்படுறா. அம்மாவும் போயிட்டாங்க, தனியா இருக்கிற வீட்டுல கெட்டுப்போன துப்பாக்கி எதுக்குப்பாங்குறா. ஞாயித்துக்கிழமையும் சிக்குச்சுன்னா திங்கக்கிழமை ஸ்டேசன்ல ஒப்படைச்சிர்றேன்னு வாக்கு கொடுத்துட்டேன்."

அவர் மனைவி ராசம்மா அக்கா முந்தின வருடம்தான் தவறியிருந்தார். இப்போது துப்பாக்கியும் போனால் அந்த வீட்டில் இவருக்கு என்ன இருக்கிறது? எனக்கு மனசு கனத்துவிட்டது. அதை வெளியே காட்டாமல் முகத்தை இன்னும் கடுகடுவென்று வைத்துக்கொண்டேன்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். இப்படிச் சிக்கினால் போல்ட்டைத் திட்டாதீர்கள், தோட்டாக்களை அடுக்கும் மேகசினைப் பாருங்கள். இந்த ரகத் தோட்டாவுக்குப் பின்னால் ஒரு விளிம்பு உண்டு. மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் உட்கார வேண்டும். பின்னால் போனால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். டம்மி தோட்டாவைக் கொடுத்து அவரையே போடச் சொன்னேன். சரியாகத்தான் போட்டார். மேகசின் வாயின் இரண்டு பக்க உதடும் வளையவில்லை. புது ஸ்பிரிங் மாற்றினேன். அதே கதை.

கடைசியில் காலி மேகசினுக்குள் விரலைவிட்டு, தோட்டாவைத் தாங்கும் தட்டை அழுத்திவிட்டேன். மேலே வந்தது, வாய்க்குக் கொஞ்சம் கீழே அப்படியே நின்றுவிட்டது. தட்டைக் கழற்றிப் பார்த்தால், உள்சுவரில் பழுப்பாக ஏதோ இறுகிக் கிடந்தது.

"தேங்காயெண்ணெய் போட்டீங்களா? உண்மையச் சொல்லுங்க!"

"சாமி சத்தியமா இல்லப்பா!"

மண்ணெண்ணெய்க்கு அது அசையவில்லை. வெந்நீரில் போட்டேன். சற்று நேரத்தில் முன்மேசையிலிருந்து எங்கள் முதலாளி தவுக்கே மூக்கை உறிஞ்சினார். சீனர், ஆனால் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவர்.

"அலாமா! இது சாமி வாசம் லா. என் கடையில கோயில் கட்டுறியா?"

சந்தனம்! பஞ்சால் துடைத்தேன். குங்குமச் சிவப்பும் ஒட்டிக்கொண்டு வந்தது. பெருமாள் அண்ணன் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆயுத பூஜைக்கு ராசம்மா பால்வெட்டுற கத்தி, பாராங் அரிவாள், சைக்கிள், எல்லாத்துக்கும் பொட்டு வைப்பா. ஒரு வருசம் இதோட கட்டையில நல்லா அப்பிட்டா. வார்னிஷ் போச்சேன்னு கத்திட்டேன். அதுக்கப்புறம் வைக்கல." பஞ்சிலிருந்த சிவப்பைப் பார்த்து, "வைக்கலன்னுதான் நெனச்சேன்" என்றார்.

பூஜையில் வைக்கும்போது அவர் மேகசினைத் தனியாகக் கழற்றித்தான் கொடுப்பாராம். புருஷன் கண்ணில் படாத இடமாகப் பார்த்து, அக்கா அதன் வாய்க்குள்ளே பொட்டு வைத்திருக்கிறார். வருடா வருடம், ஒன்றின்மேல் ஒன்றாக.

"சுரண்டித்தான் ஆகணுமாப்பா?"

"சுரண்டினாத்தான் தோட்டா வரும்ணே. இல்லன்னா திங்கக்கிழமை ஸ்டேசன்தான்."

தலையாட்டிவிட்டுத் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டார். கீறல் விழாமல் மூங்கில் சீவலால் மெதுவாக எடுத்தேன். எனக்கும் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன். எடுத்ததைக் குப்பையில் போட மனம் வரவில்லை. காகிதத்தில் மடித்து அவர் சட்டைப்பையில் வைத்தேன்.

ஞாயிறு மத்தியானம் போன் வந்தது. "எல்லாம் மேல வந்துச்சு தம்பி! ஒண்ணு கூட சிக்கல!"

"குறி?"

"அத ஏன் கேக்குற. ஒண்ணும் படல." அப்படியொரு சிரிப்புச் சிரித்தார். பின்னால் மகளும் சிரிப்பது கேட்டது.

அன்றிலிருந்து ஸ்குரூவில் கை வைப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்பேன்: வீட்டில் இதை வேறு யார் தொடுவார்கள்? பல பழுதுக்கு அதிலேயே விடை இருக்கும்.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அண்ணன் கடைக்கு வந்தார். தோளில் துப்பாக்கி உறை, கையில் சந்தனக் கிண்ணம்.

"தம்பி, எங்க வச்சா சிக்காது?"

மேகசினைத் திருப்பிக் காட்டினேன். "அடியில, வெளிப்பக்கம் வைங்கண்ணே. எவ்வளவு வச்சாலும் தோட்டாவுக்குத் தெரியாது."

விரலால் தொட்டு வைத்தார், குங்குமமும் இட்டார். பிறகு, விரலில் மிச்சமிருந்த சந்தனத்தைத் துப்பாக்கிக் கட்டையில், எல்லாரும் பார்க்கிற இடத்தில், நன்றாக அப்பினார்.

"அண்ணே, வார்னிஷ் போயிரும்!"

"போவட்டும் லா," என்றார்.