வேனுக்குப் பூசிய ஃபைபர்

போன செவ்வாய்க்கிழமை என் தங்கை செல்வியின் வேனில் தரை விட்டுப்போனது. மீன் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தாள். பெட்டியோடு பின்பக்கத் தரை அப்படியே தொங்கிவிட்டது.

நல்லவேளை, வண்டி நின்றுகொண்டிருந்தது.

கோட்டைக்குப்பத்திலிருந்து பொன்னேரி மார்க்கெட்டுக்கு மீன் ஏற்றும் வண்டி அது. செல்விதான் ஓட்டுகிறாள். வாங்கியவர் என் மச்சான், அவள் புருஷன். போன ஆடியில் நெஞ்சு வலி வந்து போய்விட்டார். அதிலிருந்து அவளுக்கும் பிள்ளைகளுக்கும் சோறு போடுவது இந்த வேன்தான்.

கம்பெனி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனோம். டை கட்டிய ஆள் குனிந்து பார்த்தார். "பாடியே மாத்தணும் மேடம். அதுக்கு இதை ஸ்கிராப்ல போட்டுட்டு புது வண்டியே எடுத்துக்கலாம்" என்றார். காபி கொடுத்தார்கள். செல்வி குடிக்கவில்லை.

கம்பெனிக்குப் போகாமல் ரிப்பேரில் காசு மிச்சம் பிடிக்க முடியுமா என்று இதைப் படிக்கும் உங்களில் சிலர் கேட்டு எழுதியிருந்தீர்கள். முடியும். எங்கள் பக்கம் எல்லாரும் அப்படித்தான். வெளிக்கடையில் காட்டுங்கள். பழைய பார்ட்ஸ் தேடுங்கள். கழற்றிய சாமானைக் கையில் கேட்டு வாங்குங்கள். ஆனால்... எங்கள் ஊரில் இன்னொரு வழியும் உண்டு. படகுக்குச் செய்வதை வண்டிக்கும் செய்வது.

மச்சான் அதைத்தான் செய்தார்.

ஃபைபர் படகில் கீறல் விழுந்தால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். நார்த்துணி விரித்து, ரெசின் பசை பூசி, தேய்த்துவிடுவார். அவர் கை பட்ட இடத்தில் தண்ணீர் நுழையாது. வேன் வாங்கியதுமே தரையில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருப்பதைப் பார்த்தார்.

"இன்னாடா இது, ஓட்டையோட வித்துருக்கான்!"

எல்லாவற்றையும் அடைத்தார். தரை முழுக்க ஃபைபர் பூசினார். ஊரே வந்து தடவிப் பார்த்தது. "மச்சான், கடல்ல உட்டாக்கூட ஓடும் போலக்குது" என்று நானே சொன்னேன்.

கம்பெனியிலிருந்து வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு பொன்னேரிக்குப் போனோம். காதர் பாய் ஷெட். பாய் வேனுக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"யாரு பண்ண வேலை இது?"

"எங்க வூட்டுக்காரரு" என்றாள் செல்வி.

"படகுக்காரரா?"

"ஆமா பாய்."

"அதான! அந்த ஓட்டைங்க தண்ணி எறங்கறதுக்கு கம்பெனிக்காரனே வெச்சது தங்கச்சி. இவரு அடைச்சிட்டாரு. ஐஸ் தண்ணி, மீன் தண்ணி எல்லாம் ஓரமா பூந்து, பூச்சுக்கு அடில நின்னுக்கினு கீது. உப்பாச்சே... தகரத்தைத் தின்னுடுச்சு. வரச் சொல்லு அவரை, நாலு வார்த்தை கேக்கணும்."

செல்வி வண்டியைப் பார்த்தாள். அவர் இல்லை என்பதை நான்தான் சொன்னேன்.

பாய் துணி எடுத்துக் கையைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"அடிச்சட்டம் கெட்டியாதான் கீது. புதுத் தகரம் வெச்சு வெல்டு அடிச்சிடலாம். வண்டி ஓடும். ஆனா இந்தப் பூச்சைப் பேத்தாகணும்."

லேசில் வரவில்லை. உளி வைத்து அடித்தார். தகரம் பொடிப்பொடியாகக் கொட்டியது. ஃபைபர் மட்டும் உடையவில்லை. ஒவ்வொரு அடிக்கும் செல்வி கண்ணை மூடித் திறந்தாள்.

"வெளிய போய் டீ குடிச்சிட்டு வா தங்கச்சி."

"இல்ல பாய். நான் நிக்கறேன். நீங்க பேத்துடுங்க."

நான்தான் டீ குடிக்கப் போனேன்.

பாடி மாற்றக் கம்பெனியில் சொன்ன காசில் கால் பங்குகூட ஆகவில்லை. மிச்சம்தான். மிச்சம் என்றால் சந்தோஷம் வரவேண்டாமா?

வெளிக்கடைக்குப் போங்கள், தப்பில்லை. ஆனால் வண்டியைப் படகுக்காரனிடம் கொடுக்காதீர்கள் — எவ்வளவு நல்ல கையாக இருந்தாலும். படகில் தண்ணீர் உள்ளே வரக்கூடாது. வண்டியில் தண்ணீர் உள்ளே நிற்கக்கூடாது. அவ்வளவுதான் வித்தியாசம். இது தெரியாமல்... என் மச்சான் அளவுக்கு ஆசையாக யாரும் ஒரு வண்டியைக் கெடுத்திருக்க மாட்டார்கள்.

சனிக்கிழமை மறுபடி மீன் ஏற்றினோம். பாய் போட்ட புது ஓட்டைகள் வழியாக ஐஸ் தண்ணீர் ரோட்டில் சொட்டியது. செல்வி இறங்கிவந்து, குனிந்து பார்த்தாள்.

"அவரு ஒரு சொட்டு உட்டதில்லண்ணா."

ஆமாம் என்றேன்.