உப்பு ஒத்தடம்

ஸ்கெலட்டன் என்ற எங்கள் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் எங்கள் வீட்டு நாய் மணியைத் தெருநாய் ஒன்று பின்னங்கால் முட்டியில் கடித்துவிட்டது. காயம் சீக்கிரமே ஆறியது. முட்டிதான் வீங்கிக்கொண்டே போனது. அந்தக் காலத்தில் சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து வரும் என் அப்பாவின் முட்டிக்கு, அம்மா வறுத்த உப்பைத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுப்பாள். மணிக்கு நானும் அதையே செய்தேன்.

"டாக்டர்கிட்ட இட்டுனு போங்க," என்றாள் மனைவி.

"எங்கப்பா முட்டிக்கே இதான் வைத்தியம். நாய்க்கு இன்னா?" என்றேன்.

அப்பா சாகும்வரை நொண்டித்தான் நடந்தார் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. மணி வலியில் கத்தியது. துண்டால் அதன் வாயைக் கட்டிவிட்டு, பத்து நாள் அழுத்தி அழுத்தி ஒத்தடம் கொடுத்தேன்.

கடைசியில் பங்காருபேட்டை டாக்டர் முட்டியில் ஊசி குத்தி இழுத்தபோது சீழ் வந்தது.

"கடிச்ச எடத்து வழியா கிருமி மூட்டுக்குள்ள போயிருக்குது. அப்பவே வந்திருந்தா கழுவி, மருந்து குடுத்திருக்கலாம். இப்போ எலும்பே அரிச்சிப்போச்சு. இத்தினி நாளா இன்னாங்க பண்ணீங்க?"

மணியின் காலை எடுத்துவிட்டார்கள்.

இப்போது என் முட்டியும் வலிக்கிறது. வாணலியில் உப்பு பொரியும் சத்தம் கேட்டாலே மணி மூன்று காலில் எழுந்து கட்டிலுக்கடியில் போய்ச் சுருண்டுகொள்கிறது. அதன் வாயை இப்போது யாரும் கட்டுவதில்லை. ஆனாலும் அது கத்துவதில்லை.