பூக்காத மரத்தை விட்டுவிட்டு ஆக்லாந்துக்கு

1986 ஜனவரி, வியாழக்கிழமை பிற்பகல் இரண்டு மணி. டுபாயிலிருந்து புறப்பட்டு, சிங்கப்பூரில் உறவினர் வீட்டில் இரண்டு வாரம் தங்கி, ஆக்லாந்தில் இறங்கினேன். சுங்க அதிகாரி என் செருப்பைக் கவிழ்த்து, அடியில் மண் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தார்; வெளி மண் நாட்டுக்குள் வரக்கூடாதாம். எங்கள் பாலைவன மணலுக்கு இவ்வளவு மரியாதை வேறெங்கும் கிடைத்ததில்லை.

விரி என்ற இடத்தில் ஒரு பாக்டரியில் வேலை செய்யும் என் தம்பி சிவா அரைநாள் லீவு போட்டுக் காரோடு வந்திருந்தான். லின்ஃபீல்டில் இருக்கும் அவன் வீட்டுக்குப் பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். வழியில் ஒரு பாலம், அதன் இரு பக்கமும் கடல். நான் அதைப் பார்த்தேனா? டுபாயில் விட்டுவந்த என் ஜகரண்டா மரத்தைப் பற்றியே புலம்பிக்கொண்டு வந்தேன்.

இலங்கையில், பண்டாரவளையில் தெருவெல்லாம் ஊதாப் பூ கொட்டிக் கிடந்ததைக் கண்ட ஆசையில், விதை போட்டு ஆறு வருடமாக வளர்க்கிறேன். கூரைக்கு மேலே போய்விட்டது. ஒரு பூ இல்லை. இந்த வசந்தத்திலும் பூக்காவிட்டால் வெட்டிவிட்டு கார் ஷெட் போடுவேன் என்று வீட்டின் சொந்தக்காரர் சொல்லிவிட்டார். தண்ணீர் ஊற்றும் பொறுப்பைக் கணவரிடம் கொடுத்து, நூறு தரம் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

"அக்கா, இவ்வளவு தூரம் வந்தும் மரத்தைத்தானே கதைக்கிறியள்" என்று சிவா சிரித்தான்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி. தேநீரோடு பின்பக்கம் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். சரிவான நிலத்தில், துணி காயப்போடும் கொடி கட்டியிருந்த ஒரு ஜகரண்டா. இலை கொஞ்சம்தான், மற்றதெல்லாம் பூ. எனக்குப் பொறாமை தாங்கவில்லை.

சிவாவின் மனைவி ரஞ்சினி துணி விரித்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்கு என்ன போடுறனீர்?"

"நான் ஒண்டும் போடுறேல்லை, மச்சாள். நாங்கள் வாடகைக்கு வரேக்கையே நிண்ட மரம். மழை பெய்தாலும் சரிவில தண்ணி நிக்காது. நீங்கள் என்ன விடுறனீங்கள்?"

காலையும் மாலையும் வாளி வாளியாகத் தண்ணீர், அரிசி கழுவிய தண்ணீர், மீன் கழுவிய தண்ணீர், மாதாமாதம் ஆட்டெரு என்று பெருமையாகச் சொன்னேன்.

"பிறகெப்பிடி அது பூக்கும்? நல்லாச் சாப்பிட்டுப்போட்டு இலையை விட்டுக்கொண்டு நிக்கும்."

எனக்குச் சுருக்கென்றது. டுபாயில், வசந்தத்துக்கு முன்னால் மரம் தண்ணீரில்லாமல் காயவேண்டிய மாதம் இதுதான். அங்கே என் சொல்லைக் கேட்டு அவர் ஊற்றிக்கொண்டிருப்பாரே!

மாலை ஏழு மணிக்கு இங்கே இன்னும் வெயில். டுபாயில் காலை பத்து மணி, விடுமுறை நாள். கணவருக்குப் போன் எடுத்தேன்.

"மரத்துக்குத் தண்ணி விட்டனீங்களோ?"

"ஓம் ஓம். காலமையும் பின்னேரமும். ஒரு நாளும் தவறேல்லை."

"ஐயோ, இனி ஒரு சொட்டும் விடாதேங்கோ! உந்தத் தண்ணியாலதான் பூக்காமல் நிக்குது."

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"அப்ப உண்மையைச் சொல்லட்டே? நீ போன நாளில இருந்து ஒரு சொட்டும் விடேல்லை. இலையெல்லாம் கொட்டுது. நீ வந்து கத்துவாய் எண்டு பயந்துகொண்டிருந்தனான்."

கல்யாணமான நாளிலிருந்து அவருடைய சோம்பலைத் திட்டி வருகிறேன். அன்றுதான் அதைக் கும்பிடத் தோன்றியது. அதன் பிறகுதான் ஆக்லாந்தின் கடலை நிம்மதியாகப் பார்த்தேன். நல்ல கடல்.

ஏப்ரலில், டுபாயில் எங்கள் வீட்டின் சொந்தக்காரர் வந்து மரத்தடியில் காரை நிறுத்தினார். திரும்பிப் போகும்போது காரின் மேலெல்லாம் ஊதாப் பூ. ஷெட் பேச்சை அவர் பிறகு எடுக்கவில்லை. மரத்தைப் பூக்க வைத்தது தான்தான் என்று என் கணவர் எல்லோரிடமும் சொல்லித் திரிகிறார். மறுத்துப் பேச எனக்கு வழியில்லை.