வெள்ளிக்கிழமை விளக்கிய சொம்பு

சிங்காநல்லூர் லைன் வீடுகளில் குழாயடிச் சண்டை என்றாலே குடம் மாறிப்போன சண்டைதான். எல்லாம் ஒரே பச்சைப் பிளாஸ்டிக். ஒரு நாள் பார்த்தால் ஒவ்வொரு குடத்தின் கழுத்திலும் சின்னதாக ஒரு படம். ஒன்றில் எலுமிச்சை, ஒன்றில் நிலா, எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் தெய்வாத்தாளின் குடத்தில் ஒரு புளியங்காய். வரைந்தது யாரென்று யாரும் சொல்லவில்லை. கடைசி வீட்டுக் கோவிந்தராஜுலுவின் நகக்கண்ணில் மட்டும் மஞ்சள் பெயிண்ட் ஒட்டியிருந்தது.

மில்லில் பஞ்சுப்பொதிகளுக்கு எண் எழுதிக்கொண்டிருந்தவர் அவர். தொண்ணூற்று நாலில் மில்லை மூடிவிட்டார்கள். ஒரு வருசம் வேலை தேடி அலைந்த பிறகு, பல்லடம் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. ஓவிய வாத்தியார் வேலை. சொந்தமாக வரைந்த படத்தோடு திங்கட்கிழமை வர வேண்டும்.

தெய்வாத்தாளிடம் களிம்பேறிய பித்தளைச் சொம்பையும் காப்பி காய்ச்சுகிற கரிபிடித்த போசியையும் இரவல் வாங்கி, இரண்டு வெங்காயத்தோடு தன் ஜன்னலில் வைத்துக்கொண்டார்.

"மயிலு, மானு ஒண்ணும் கெடைக்கலீங்களா? அடுப்படிச் சாமானப் போட்டா வேலை குடுத்துருவாங்களாக்கும்!" என்றாள் எதிர்வீட்டு நாச்சியம்மாள்.

"மயிலு ஒரு எடத்துல நிக்காதுங்கக்கா. சொம்பு சொன்ன பேச்சுக் கேக்கும்."

வெள்ளிக்கிழமை அவர் பிரஷ் வாங்க டவுனுக்குப் போயிருந்தார். தெய்வாத்தாள் கண்ணில் சொம்பு பட்டது. நல்ல நாளும் அதுவுமாக, நாலு பேர் பார்க்கிற படத்துக்குத் தன் வீட்டுச் சாமான் இப்படியா இருப்பது? புளி போட்டுச் சொம்பையும், சாம்பல் போட்டுப் போசியையும் தேய்த்தாள். இரண்டும் பொன்னும் வெள்ளியுமாக மின்னின.

"அடக் கடவுளே! அந்தக் கரியவும் களிம்பயுந்தான அவரு நாலு நாளா வரையறாரு? வேலைக்கே ஒல வெச்சுப்போட்டீங்களே!" என்று நாச்சியம்மாள் தலையில் கைவைத்தாள்.

தெய்வாத்தாள் ஓடிப்போய் மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைத்து, திரியைத் தூக்கிவிட்டு, "சென்னிமலை முருகா, கரியாக்கிக் குடுப்பா" என்று புகையில் சொம்பைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்துக் கோவிந்தராஜுலு வந்து நின்றார்.

"ஏனுங்கக்கா, சொம்புக்குச் சாம்பிராணி போடறீங்களா?"

அவள் அழுதுகொண்டே சொன்னாள். சொம்பை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் சிரித்தார். "இதுக்கா அழுகறீங்க? சொம்பும் போசியும் நேத்தே போட்டு முடிச்சாச்சுங்க. பிரஷ் வெங்காயத்துக்குத்தான். எந்திரிச்சுப் போய்ச் சோறு உண்ணுங்க."

போன உயிர் திரும்பி வந்தது. அன்றைக்கு இரண்டு தரம் சோறு போட்டு உண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை படத்தைக் காட்டினார். சாம்பலும் மங்கிய பழுப்புமாக, களிம்பு களிம்பாகவே இருந்தது. திங்கட்கிழமை வேலையும் கிடைத்துவிட்டது.

வீட்டைக் காலி செய்து போகிற அன்று, டெம்போவில் பெட்டியை ஏற்றிவிட்டு அவளிடம் வந்தார்.

"வாரேனுங்கக்கா. அன்னைக்கு நாஞ் சொன்னது பொய்யிங்க. சொம்பு பாதிதான் முடிஞ்சிருந்துச்சு. மீதிய மனசுல இருந்ததை வெச்சுப் போட்டேன். நீங்க அழுகறதப் பார்த்துட்டு வேற என்னத்தச் சொல்றது?"