இரண்டு தோல் அவரை

இன்று சந்தையில் அவரைக்காய்க் குவியலைக் கடந்தபோது, பனியும் பச்சை எண்ணெயும் கலந்தாற்போன்ற அந்த வாசனை, ஓசூரில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டு முற்றத்தில் என்னைக் கொண்டுபோய் உட்காரவைத்தது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே குழாயடியில் தண்ணீர் பிடித்த முற்றம் அது. இப்போது மேம்பாலத்தின் கீழே போய்விட்டது.

அப்பாவின் தொழிற்சாலை வேலைக்காகத் திருநெல்வேலியிலிருந்து வந்த அம்மா, முதல் மார்கழியில் கொட்டைக்காகவே முற்றவிடும் அந்தக் காயைத் தன் ஊர் வழக்கப்படி தோலோடு நறுக்கிப் பொரியல் வைத்துவிட, ஷிப்டு முடிந்து வந்த அப்பா அதை மென்றுகொண்டே இருந்தார். பக்கத்து வீட்டு முனிரத்தினம்மா சட்டியை எட்டிப் பார்த்து, "அய்யோ அக்கா, இத மாடுகூட மொறைச்சுட்டுப் போவும்!" என்று சிரித்தது லைன் முழுக்கக் கேட்டது.

அடுத்த மார்கழியில், காயை உரித்து ஊறவைத்த கொட்டைகளைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்து பிதுக்கும்போது, அம்மாவின் இரண்டு கைகளும் தனித்தனியாக ஓடின. கட்டைவிரல் அழுத்தினால் தோல் விரலோடு நின்றுவிடும், வெண்ணெய் போன்ற பருப்பு மட்டும் வழுக்கிப் போய்க் கிண்ணத்தில் விழும். முதலில் நிறைவது அம்மாவின் கிண்ணம்தான்.

அன்று, மதுரையிலிருந்து புதிதாகக் குடிவந்த பெண் அரிவாள்மணையோடும் அவரையோடும் உட்கார, அம்மா ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தாள்.

"தோலோட நறுக்காதம்மா. எங்க ஊரு அவரைக்கு ரெண்டு தோலு. ரெண்டையும் எடுத்தாத்தான் உள்ளாற ருசி."

அதுவரை அம்மாவுக்கு எங்க ஊரு என்றால் திருநெல்வேலிதான். முனிரத்தினம்மா பிதுக்குவதை நிறுத்திவிட்டு, லைன் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்:

"கேட்டுக்குங்கடி, அக்கா ஊராம்!"