தகரத்தில் வழுக்கிய மிதவைகள்

ஆராய்ச்சிப் பட்டம் முடித்துவிட்டு, தூத்துக்குடியில் அக்கா வீட்டில் இருந்துகொண்டு வேலைக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்தேன். வெளிநாட்டு ஆய்வகம் ஒன்று வீடியோவில் நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டது. முதல் பத்து நிமிடம், இயற்பியல் தெரியாதவருக்கும் புரியும்படி என் ஆராய்ச்சியைச் சொல்ல வேண்டும். அங்கேதான் தடுமாறினேன்.

நான் ஆராய்ந்தது அணு அளவில் நடக்கும் உராய்வை. மின்னூட்டம் உள்ள அணுக்களை, அதாவது அயனிகளை, வெற்றிடத்தில் மின்புலத்தால் பிடித்து வரிசையாக நிறுத்துவோம். லேசர் ஒளியால் அவற்றுக்கு ஒரு மேடுபள்ளப் பாதை போடுவோம். அதன்மேல் அவற்றை நகர்த்தி, எப்போது சிக்குகின்றன, எப்போது வழுக்குகின்றன என்று பார்ப்போம். இதை அக்காவிடம் நாலு தடவை சொல்லிக் காட்டினேன். நாலாவது தடவை, கீரை ஆய்ந்துகொண்டே கொட்டாவி விட்டாள்.

அத்தான் துறைமுகத்தில் கிரேன் மெக்கானிக். அன்று ஷிப்ட் முடிந்து வந்தவர் காபியோடு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உராய்வுன்னா எனக்குத் தெரியும்ளா. தெனமும் அதோடதான மல்லுக்கு நிக்கேன். கிரீஸ் அடிச்சாக் குறையும். நீ என்னத்த அடிக்க?"

"ஒண்ணும் அடிக்க வேண்டாம் அத்தான். அயனிகளுக்கு நடுவுல இருக்க இடைவெளிய மாத்துனாப் போதும்."

"அதெப்படி? செஞ்சு காட்டு, பாப்போம்."

காட்டுவதற்கு என்னிடம் எதுவும் இல்லை. அவரே மாடியிலிருந்து நெளித்தகரம் ஒன்றை இறக்கினார். மீன்வலையில் கட்டும் சின்ன மிதவைகள் ஐந்தைப் பக்கத்து வீட்டில் வாங்கிவந்து, ஸ்பிரிங்குகளால் வரிசையாக இணைத்தார். முதலில் ஒவ்வொரு மிதவையும் ஒவ்வொரு பள்ளத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. இழுத்தார், அசையவில்லை. பலமாக இழுத்ததும் ஐந்தும் ஒன்றாகத் துள்ளி அடுத்த பள்ளத்தில் விழுந்தன. பிறகு, பள்ளங்களோடு ஒத்துப்போகாதபடி நீளமான ஸ்பிரிங்குகளை மாட்டச் சொன்னேன். இப்போது ஒற்றை விரலில் இழுத்தார். வரிசை நைசாக வழுக்கி வந்தது.

அத்தான் நம்பாமல் மறுபடி இழுத்தார். அக்கா கீரையை வைத்துவிட்டு வந்து குனிந்து பார்த்தாள்.

"ஒண்ணு ஏறும்போது இன்னொண்ணு எறங்குதுல்லா. எறங்குறது ஏறுறத இழுத்துவிடுது," என்றாள்.

பத்து நாளாக நான் தேடிய வாக்கியம் அது. உடனே எழுதிக்கொண்டேன்.

தேர்வு அன்று தகரம் சாப்பாட்டு மேசைமேல் இருந்தது. நான் பேசப் பேச, திரைக்கு வெளியே நின்று அத்தான் இழுத்தார். தேர்வாளர்களில் ஒரு அம்மா, இழுப்பவர் யார் என்று கேட்டார். அத்தான் தலையை நீட்டி வணக்கம் சொன்னார். அந்த அம்மா சிரித்துவிட்டு, சிக்கிக்கொள்வதை இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்றார். பத்து நிமிடம் இருபது நிமிடமாக நீண்டது.

இரண்டு வாரத்தில் வேலை கிடைத்த கடிதம் வந்தது. அத்தான் லீவு போட்டார். மூவரும் திருச்செந்தூர் போனோம். அக்கா சேலையோடு கடலில் இறங்கி, அலை தள்ளும்போதெல்லாம் என் தோளைப் பிடித்துக்கொண்டு விடாமல் சிரித்தாள்.